குப்பை வண்டி நேரம் மாறிவிட்டதா?

சென்னைவாசிகளுக்குக் குப்பை பற்றியும் வீட்டுப் பாதுகாப்பு பற்றியும் சில குறிப்புகள்:

1. புது நேரத்தைத் தூய்மைப் பணியாளரிடமே கேட்டு, மாடிப்படி அருகே எழுதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும்!

2. மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியிலும் மக்காததை நீலத்திலும் போடுங்கள். நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே கொடுங்கள். தரம் பிரிப்பவரின் கை கிழியாது.

3. வண்டி வரவே இல்லையா? மாநகராட்சியின் 1913 உதவி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இருந்தால்தான் மறுபடி கேட்க முடியும்.

4. ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். ரோந்து வருபவர் பூட்டிய வீட்டைக் கவனிப்பார். கிளம்பும்போது குப்பைப் பையை வாசலில் வைக்காதீர்கள். நாள்கணக்கில் கிடக்கும் பை, வீட்டில் ஆளில்லை என்று திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும்.

5. நள்ளிரவில் சந்தேக நடமாட்டமா? நீங்களே விரட்டப் போகாமல் 112-ஐ அழையுங்கள்.