பிஸ்கோ சவர்: நுரை நிற்க வேண்டுமா?

பெரு நாட்டின் திராட்சை பிராந்திக்குப் பிஸ்கோ என்று பெயர். அதோடு எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துக் குலுக்கினால் பிஸ்கோ சவர். 1916-இல் லிமா நகரில் விக்டர் மோரிஸ் என்ற அமெரிக்கர் திறந்த பாரில் பேர் பெற்ற பானம் இது. பிப்ரவரி முதல் சனிக்கிழமை பெருவில் இதற்கென்றே கொண்டாட்டம் உண்டு. வீட்டில் செய்யும்போது சுவை எளிதில் கைகூடிவிடும், நுரைதான் கைவிடும்.

1. பெருவில் சொல்லும் கணக்கு 3-1-1. பிஸ்கோ 60 மில்லி என்றால் சாறு 20, பாகு 20. வெள்ளைக்கரு 15 மில்லி போதும். ஒரு முட்டையில் இரண்டு கிளாஸ் வரும்.

2. பெருவில் இதற்குப் பிழிவது சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை. நம் கடைகளில் கிடைப்பதும் அதே இனம்தான் என்பதால் பழத்துக்கு அலைய வேண்டியதில்லை. கலக்கும் நேரத்தில்தான் பிழிய வேண்டும். கடைசிச் சொட்டு வரை நசுக்கினால் கசப்பு இறங்கிவிடும்.

3. பாகு கம்பிப் பதத்துக்குப் போகக் கூடாது. 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி வெந்நீர், கரைந்தால் போதும். ஆறிய பிறகே சேர்க்கவும்.

4. முட்டையைத் தண்ணீரில் போட்டால் அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பிரியுங்கள். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை எழும்பாது. வெள்ளைக்கருவின் புரதம் விரிந்து காற்றைப் பிடித்துக்கொள்வதுதான் நுரை. கொழுப்பு அதைப் பிடிக்க விடாது.

5. நுரையின் சூட்சுமம் முதல் குலுக்கலில் இருக்கிறது. ஐஸ் போடாமல் எல்லாவற்றையும் ஷேக்கரில் ஊற்றி 15 விநாடி பலமாகக் குலுக்கவும். ஐஸ் இல்லாததால் மூடி இறுகாது, உள்ளே காற்றழுத்தம் கூடித் திறந்துகொள்ளும். இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பெரிய ஐஸ் கட்டிகள் போட்டு, ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூக்கும் வரை இன்னொரு முறை. தூள் ஐஸ் வேண்டாம், நீர்த்துப்போகும். ஷேக்கர் இல்லாதவர்கள் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் பாட்டிலில் குலுக்கலாம். கண்ணாடி பாட்டில் ஐஸ் மோதி விரிசல் விடும்.

6. பெருவின் வீடுகளில் மிக்ஸியிலும் அடிக்கிறார்கள். மற்றவற்றை ஐஸோடு சுற்றிவிட்டு, வெள்ளைக்கருவைக் கடைசியில் சேர்த்துச் சில விநாடி ஓட்டினால் போதும்.

7. வடிகட்டி ஊற்றியதும் நுரை மேலே வந்து நிற்கும். அதன்மேல் பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம் மூன்று சொட்டு. இது அலங்காரம் மட்டுமல்ல, வெள்ளைக்கருவின் கவிச்சி வாடையை மறைப்பதும் அதுதான். அங்கோஸ்டுரா என்ற பிராண்டு போதும். இதை விட்டுவிடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

8. பிஸ்கோ கிடைக்காவிட்டால் திராட்சையிலிருந்தே வடித்த பிராந்தி வாங்குங்கள். இந்திய பிராந்திகளில் பல, கரும்புச் சக்கைப்பாகில் வடித்த ஸ்பிரிட்டில் ஆனவை. லேபிளைப் படித்து எடுங்கள். மரப்பீப்பாயில் ஊறிய பிராந்தியில் செய்தால் நல்ல பிராந்தி சவர் கிடைக்கும், பிஸ்கோவின் பூமணம் கிடைக்காது.

9. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். எலுமிச்சையும் மதுவும் அதைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம். வயதானவர்களும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் பாஸ்டுரைஸ் செய்த வெள்ளைக்கருவையே பயன்படுத்த வேண்டும். முட்டையே வேண்டாம் என்றால் உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீர் 30 மில்லி. நுரை நன்றாகவே நிற்கும்.

10. கிளாஸையும் ஷேக்கரையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசவும். வெந்நீர் பட்டால் வெள்ளைக்கரு வெந்து ஒட்டிக்கொள்ளும், வாடையும் போகாது.

11. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து மதுவின் காரம் தெரியாமல் இறங்கும். 60 மில்லி பிஸ்கோ லேசான அளவல்ல. ஒரு கிளாஸ் குடித்தாலும் அன்று வண்டியைத் தொடாதீர்கள்.