பிழைக்கு இடங்கொடு

அன்புள்ள தம்பிக்கு,

ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் போதிக்கும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருப்பதாகவும், இலக்கண விதிகளைப் பன்முறை எழுதச் செய்தும் பிள்ளைகள் ஒரு வாக்கியம் பேசக் கூசுவதாகவும் எழுதியிருந்தாய். உன் சிரத்தையில் குறையில்லை. முறையில்தான் சிறிது மாற்றம் வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தை, பிறர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ, தோழர் முன்னிலையில் ஒருமுறை அவமானப்பட்டால், பல நாள் வாய் திறவாமலே இருந்துவிடக்கூடும். ஆனால் காரணகாரியங்களை ஆராயும் புத்தி நன்கு மலர்வதும் அந்தப் பிராயத்தில்தான். அந்த நாணத்தைக் காத்து, இந்தப் புத்தியைத் துணைகொள்பவனே நல்ல உபாத்தியாயன்.

முன்பு என் வகுப்பில் ஒரு சிறுமி, 'நேற்று மாமா வந்தார்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, 'கேம்' என்னவேண்டிய இடத்தில் 'கம்டு' என்றாள். வகுப்பு சிரித்தது; அவள் தலைகுனிந்தாள். நான் 'வாக்டு', 'பிளேடு', 'குக்டு' என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, "இவற்றைப் பார்த்துத்தானே அம்மா அப்படிச் சொன்னாய்?" என்றேன். அவள் நிமிர்ந்து தலையசைத்தாள். விதியைத் தானே உணர்ந்து பிரயோகித்தவள் அவள். அதற்கு அடங்காத சொற்களும் சில உண்டு என்பது ஒன்றே அவள் அறிய எஞ்சியிருந்தது. தமிழிலும் 'நட' என்பது 'நடந்தான்' என்று இயல்பாய் நிற்க, 'வா' என்பது 'வந்தான்' எனக் குறுகுவதைக் காட்டினேன். சிரித்த பிள்ளைகளே அத்தகைய சொற்களைத் தேடத் தொடங்கினார்கள்.

தாய்மொழியை இவ்வாறு துணைகொள்வது புதிய உபாயமன்று. 1658-இல் நூரம்பர்க் நகரில் வெளிவந்த, கொமேனியஸ் என்னும் கல்வியறிஞரின் படப் பாடநூல், படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் பெயர்களை லத்தீனிலும் ஜெர்மனிலும் அருகருகே தந்தது. சொல்லும் பொருளும் ஒருங்கே மனத்தில் பதியவேண்டும் என்பதே அப்பேராசானின் கொள்கை.

ஆகையால், நாளொன்றுக்கு ஐந்தாறு புதுச் சொற்களோடு நில். அவற்றையே வெவ்வேறு வாக்கியங்களில் முதலில் காதால் கேட்கவும், பிறகு இருவர் இருவராய்ப் பேசவும், அதன் பின்னரே எழுதவும் செய். பிள்ளை பிழைபடச் சொன்னதை நீ திருத்தமாகத் திருப்பிச் சொல்லி, உரையாடலை மேலே நடத்து. விதியைப் பாட முடிவில் விளக்கலாம்.

நாளை ஒரு பிள்ளை துணிந்து எழுந்து தட்டுத்தடுமாறிப் பேசினால், அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திரு, தம்பி.

உன் அன்புள்ள,
அண்ணன்