வலியறிந்து தூக்குவோம்

நுழையும்முன்

எருக்குழியிலிருந்து தொழுவுரத்தைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக வயலுக்குக் கொண்டுசேர்ப்பது உடலை வருத்தும் வேலை. அவ்வருத்தத்தைக் குறைக்க வந்ததே முன்பக்கம் லோடர் பொருத்திய சிறிய டிராக்டர். உழைப்பைக் குறைக்கும் அக்கருவியே அளவறியாது இயக்கினால் உயிரையும் பறிக்கும். ஆகவே, அதனைத் தேர்ந்தெடுக்கவும் கையாளவும் அறிதல் இன்றியமையாதது.

இயங்கும் முறை

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. லோடர் இவ்விதியின்படியே இயங்குகிறது. எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெயை உருளைக்குள் செலுத்த, அங்குள்ள பிஸ்டன் நகர்ந்து லோடரின் கைகளை உயர்த்துகிறது. பிஸ்டனின் விட்டம் இருமடங்கானால், அதே அழுத்தத்தில் விசை நான்கு மடங்காகும்.

தேர்ந்தெடுத்தல்

குதிரைத்திறனை மட்டும் கண்டு டிராக்டரைத் தேர்ந்தெடுத்தல் பிழை. தூக்கவேண்டிய பொருளின் எடையையே முதலில் கணக்கிட வேண்டும். 0.3 கனமீட்டர் கொள்ளும் வாளியில் நீரை நிரப்பினால் 300 கிலோ. ஈரமணலை நிரப்பினாலோ 500 கிலோவுக்கும் மிகும். வாளி ஒன்றே, பளு வேறு.

வாளி இணையும் ஆணியில் அளந்த தூக்குதிறன், அதற்கு முன்னே அளந்ததைவிட மிகுந்திருக்கும். கைகள் முழு உயரத்தை எட்டும்போது அத்திறன் பொதுவாகக் குறையும். எனவே, எவ்விடத்தில், எவ்வுயரத்தில் அளந்த திறன் என்று கேட்டறிதல் நன்று.

பளு முன்பக்கம் அமைவதால் பின்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. ஆகவே, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியே இப்பணிக்கு ஏற்றது.

கையாளுதல்

துலாக்கோலின் ஒரு தட்டில் பளு வைத்தால் மறுதட்டிலும் எடை வேண்டும். அதுபோல, முன்னே பளு தூக்கும் டிராக்டருக்குப் பின்னே எதிர்எடை பொருத்த வேண்டும்.

வாளியை உயர்த்தியபடி ஓட்டினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். அந்நிலையில் ஒரு சிறு பள்ளமும் வண்டியைக் கவிழ்த்துவிடும். ஆதலால், வாளியைத் தரைக்கு அருகில் தாழ்த்தி, மெல்லச் செல்ல வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டுதல் கூடாது. வாளியில் ஆளை ஏற்றுதலும், உயர்ந்து நிற்கும் கைகளின்கீழ் நிற்றலும் ஒருபோதும் கூடா. வாளியைத் தரையில் இறக்கிய பின்னரே இருக்கையை விட்டு இறங்க வேண்டும்.

தெரியுமா?

டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களில் 1959இல் கட்டாயமாக்கிய நாடு சுவீடன். இருக்கைப்பட்டையை அணிந்தால்தான் அச்சட்டகம் முழுப் பயன் தரும்.

மெல்லிய மயில்தோகையே ஆயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் உணர்த்தும் உண்மை. மாட்டுவண்டிக்குப் பொருந்திய அவ்வறிவு டிராக்டருக்கும் பொருந்தும். கருவியின் வலியறிந்து இயக்குவோர்க்கே அது துணையாகும்.

குறுவினா
1. ஒரே வாளியில் அள்ளினும் பளு வேறுபடுவது ஏன்?
2. லோடர் பொருத்திய டிராக்டருக்கு எதிர்எடை தேவைப்படுவதன் காரணம் யாது?

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுவோரைச் சந்தித்து, அவர்கள் பின்பற்றும் பாதுகாப்பு முறைகளைத் தொகுத்து வகுப்பில் பகிர்க.