எஞ்சின் கிளம்பவில்லையா? முதலில் தீப்பொறியைப் பாருங்கள்

பிசான நெல் பூக்கும் தருணத்தில் ஒரு தண்ணீர் தவறினால் பதர் அதிகமாகும் என்பதைத் தாமிரபரணிப் பாசன விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளின் கடைமடைப் பகுதியில் அந்த ஒரு தண்ணீரைக் குளத்திலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ சிறிய பெட்ரோல் பம்புசெட் வைத்து இறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஏத்தன் வாழையில் இலைப்புள்ளிக்கு மருந்தடிக்க விசைத்தெளிப்பான், களையெடுக்கப் பவர் வீடர், கரண்டு போனால் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் ஒரு சிறிய ஜெனரேட்டர் என்று இவ்வகை எஞ்சின்கள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன.

இவை கிளம்ப மறுப்பது பெரும்பாலும் அவசர நேரத்தில்தான். கயிற்றை இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மொபெட்டில் கட்டி டவுனுக்கு எடுத்துப் போனால் இரண்டு மூன்று நாள் போய்விடும். புகையான் விழுந்த வயலில் அந்த மூன்று நாள் பெரிய நாள். காயில் போய்விட்டது என்று சொல்லி மாற்றிய எஞ்சின்களில், உண்மையில் ஐந்து நிமிட வேலையாக இருந்திருக்கக் கூடியவை கொஞ்சமல்ல. ஒரு பிளக் ஸ்பானர், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பில்லர் கேஜ், ஒரு புதிய பிளக் இவ்வளவும் கையில் இருந்தால் கோளாறு எங்கே என்பதை வயல் வரப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். இது பெட்ரோல் எஞ்சின்களுக்கும், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களுக்கும் மட்டும் பொருந்தும். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. அங்கே காற்றை அழுத்துவதால் எழும் சூட்டிலேயே எண்ணெய் எரிந்துவிடும்.

தீப்பொறி எப்படிப் பிறக்கிறது?

பாபநாசம் மின் நிலையத்தில் தண்ணீரின் விசையால் காந்தம் சுழன்று கம்பிச் சுற்றில் மின்சாரம் பிறக்கிறது. உங்கள் எஞ்சினில் கயிற்றை இழுக்கும் கைதான் அந்தத் தண்ணீர். பறக்கும் சக்கரத்தில், அதாவது பிளைவீலில், காந்தம் பதித்திருக்கிறது. அது காயிலைக் கடந்து போகும்போது காயிலின் தடித்த சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சரியான நொடியில் துண்டிப்பது ‘பாயிண்ட்’ எனப்படும் முனைகள். துண்டித்தவுடன், ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுந்து, பிளக்கின் இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. முனைகளிலேயே பொறி விழுந்து அவை கருகாமல் காப்பது கண்டன்சர். பேட்டரியே இல்லாமல் பொறி உண்டாக்கும் இந்த மேக்னெட்டோ முறையில், உயர் அழுத்த வகையை ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1902-ல் கொண்டு வந்தது. நூற்றாண்டுக்கு மேலாகியும் தத்துவம் மாறவில்லை. இப்போது வரும் எஞ்சின்களில் பாயிண்ட், கண்டன்சர் இரண்டுக்கும் பதில் காயிலுக்குள்ளேயே மின்னணுச் சாதனம் இருக்கிறது. ஆகவே உங்கள் எஞ்சினில் பாயிண்ட் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சோதிக்கும் முறையும் அதிலுள்ள ஆபத்தும்

பிளக்கைக் கழற்றி, கேப்பை மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சினின் வெறும் உலோகத்தைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் அறிந்த சோதனை. ஆனால் அதைச் செய்கிற விதம்தான் பயமாயிருக்கிறது. பலமுறை இழுத்த எஞ்சினின் சிலிண்டரில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். மறுபடி இழுத்தால் அந்த ஆவி பிளக் துவாரம் வழியாகப் பீறிட்டு வரும். அந்தத் துவாரத்தின் பக்கத்திலேயே பிளக்கை வைத்துப் பொறி விட்டால் தீ முகத்துக்கு வரும். எனவே முதலில் பெட்ரோல் குழாயை மூடுங்கள். சுவிட்சை ‘ஆப்’ செய்து, பிளக் கேப்பை எட்ட வைத்துவிட்டு, திறந்த துவாரத்தோடு நாலைந்து முறை இழுத்து ஆவியை வெளியேற்றுங்கள். துவாரத்தை ஒரு துணியால் அடைத்து, பிளக்கைத் துவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி எஞ்சினோடு தொடவைத்து, சுவிட்சை ‘ஆன்’ செய்து இழுங்கள். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். சிந்திய பெட்ரோலைத் துடைக்காமல், பீடி பற்றவைத்தவரை அருகில் நிறுத்திக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. நிழலில் பாருங்கள்.

பொறி நீலமாகவும் ‘டக்’ என்ற சத்தத்தோடும் விழுந்தால் மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது. மெல்லிய சிவந்த பொறி பலவீனத்தைக் காட்டும். பொறியே இல்லையென்றால் புதிய பிளக்கை மாட்டி மறுபடி பாருங்கள். பழைய பிளக் வெளியில் பொறி விட்டாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி விடாமல் போவதுண்டு. ஆதலால் சந்தேகம் வந்தால் பிளக்கைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இருப்பதிலேயே விலை குறைந்த பாகமும் அதுதான்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாமல் அதன் முனையைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. உலர்ந்த கரி, காற்று வடிகட்டி அடைத்திருப்பதையோ சோக்கைத் திறக்காமல் ஓட்டுவதையோ காட்டும். ஈரமான எண்ணெய்க் கரி விசைத்தெளிப்பானில் சகஜம். கம்பெனிக் கையேடு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் என்றால் 40 மில்லியை அளந்துதான் ஊற்ற வேண்டும். ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லது’ என்று கைக்கணக்கில் ஊற்றுவது பிளக்கைக் கெடுக்கும். முனை வெள்ளைவெளேரென்று இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். பிளக் இடைவெளி பெரும்பாலான எஞ்சின்களில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. மரையின் நீளம் கூடுதலான வேறு பிளக்கை மாட்டினால் பிஸ்டன் முட்டும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் ஓரிரு நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையா?

காயிலைக் குறை சொல்லும் முன் சுவிட்ச் வயரைப் பாருங்கள். இவ்வகை எஞ்சினில் சுவிட்ச் மின்சாரம் கொடுப்பதற்கு அல்ல. காயிலின் மின்சாரத்தை உடம்போடு சேர்த்துப் பொறியைக் கொல்வதற்குத்தான். அந்த வயர் அதிர்வினால் எங்காவது உராய்ந்து தோல் உரிந்து இரும்பைத் தொட்டாலே போதும், பொறி நின்றுவிடும். காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். பொறி வந்தால் குற்றவாளி வயரோ சுவிட்சோதான். இந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பினால் சுவிட்சால் நிறுத்த முடியாது. பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்த வேண்டும். பவர் வீடரில் இதைச் சோதித்துப் பார்க்கலாமே தவிர, அப்படியே களையெடுக்கப் போகக் கூடாது.

நான்கு ஸ்ட்ரோக் பம்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றில் பலவற்றுக்கு ஆயில் காவலன் ஒன்று உண்டு. ஆயில் மட்டம் குறைந்தால் அது தானே பொறியை நிறுத்திவிடும். வாய்க்கால் கரைச் சரிவில் பம்பைச் சாய்த்து வைத்தாலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி இதே விளைவு உண்டாகலாம். எஞ்சினைச் சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். தொந்தரவு என்று அந்தக் காவலனின் வயரைக் கழற்றி எறிகிற மெக்கானிக்கும் இருக்கிறார். ஆயில் இல்லாமல் ஓடி கனெக்டிங் ராடு முறிந்தால் செலவு யாருடையது?

இதற்குப் பிறகுதான் பிளைவீல் பக்கம் போக வேண்டும். பாயிண்ட் உள்ள எஞ்சினில், சும்மா கிடந்த மாதங்களில் முனைகளில் பாசி போல ஒரு படலம் பிடித்துவிடும். சுத்தமான கெட்டிக் காகிதத்தை பெட்ரோலில் நனைத்து முனைகளுக்கு நடுவே இரண்டு முறை இழுத்தால் படலம் போய்விடும். உலர்ந்த பின் இடைவெளி 0.35 மி.மீ. அளவில் வையுங்கள். முனைகள் அடிக்கடி கருகினால் கண்டன்சர் போய்விட்டது. காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் உள்ள இடைவெளிக்குக் கேஜ் இல்லையென்றால், ஒரு கெட்டி விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் காயிலை இழுக்க விட்டுத் திருகை முடுக்கலாம். ஏறக்குறைய சரியாக வரும்.

சூடானால் நிற்கும் எஞ்சின்

கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு இது. காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும், அரைமணி ஓடும், நிற்கும், ஆறிய பின் மறுபடி ஓடும். காயிலின் உள்சுற்று சூட்டில் விட்டுப் போவது ஒரு காரணம். பெட்ரோல் டாங்க் மூடியின் சின்னக் காற்றுத் துவாரத்தில் தூசி அடைப்பது இன்னொரு காரணம். இரண்டும் ஒரே மாதிரி ஏமாற்றும். நின்றவுடன் முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பின் எஞ்சின் கிளம்பினால் ஒரு ஊசியோடு காரியம் முடிந்தது. அப்படியில்லையென்றால் மூடியை இறுக்கிவிட்டு, எஞ்சின் ஆறுவதற்குள் பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் காயில் மாற்றத் தயங்க வேண்டாம்.

பொறி நன்றாக இருந்தும், கிளப்பும்போது கயிறு கையைப் பின்னுக்குச் சுண்டி இழுத்தால், பிளைவீல் நட்டு தளர்ந்து உள்ளிருக்கும் சாவி பாதி வெட்டுப்பட்டிருக்கலாம். பொறி வரும் நேரம் தவறிவிடுகிறது. சாவி சில ரூபாய்தான். பார்க்காமல் விட்டால் மணிக்கட்டு போகும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாகி, தாமிரபரணிக் கரை முழுவதும் பம்புசெட்டுகள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய எஞ்சினை எடுத்த வேகத்தில் கயிற்றை இழுக்கக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது, ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் பெட்ரோலையும் வடித்து மாற்றுங்கள். பிளைவீல் மூடியைக் கழற்றி, வண்டலை நல்ல தண்ணீரால் கழுவி, காயிலைக் காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். அடுப்பருகே வைத்து உலர்த்தினால் காயிலின் பூச்சு உருகிவிடும்.

அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் எஞ்சின் சும்மா கிடக்கும்போது டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் நூற்றுக்கு 20 வரை எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். மறுபடி இழுத்து, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.