ஊசியின்றி நீர்ச்சத்தை அறிதல்: கொல்லிமலை நடை தரும் பாடங்கள்

உடலில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்பதை ஊசி குத்தாமலே அறிய எடை, சிறுநீர், தாகம், தோல், மின்தடை எனப் பல வழிகள் உண்டு. வளர்ந்த ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். பெண்களுக்குச் சற்றுக் குறைவு, கைக்குழந்தைகளுக்கு அதிகம். எடையில் 2 விழுக்காடு அளவு நீர் வெளியேறினாலே நடக்கும் திறன் தளரத் தொடங்குகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்த இழப்பு எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் வீசும் குளிர்காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுகிறது. அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கை அருவிக்குச் செல்வது சுலபம். வியர்வையும் மூச்சிரைப்பும் பெருகுவது அதே படிகளில் திரும்ப ஏறும்போதுதான்.

வீட்டிலும் விடுதியிலும் செய்யக்கூடிய அளவீடுகளில் மிகவும் நம்பகமானது எடை. சில மணி நேரத்தில் குறையும் எடை பெரும்பாலும் நீரின் எடையே. ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிற்று என்று கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ளவர் அரை லிட்டர் குடித்தும், திரும்பும்போது 59.2 கிலோ இருந்தால், வெளியேறியது 1.3 லிட்டர், இன்னும் ஈடுசெய்யாதது 0.8 லிட்டர், அதாவது எடையில் 1.3 விழுக்காடு. இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதன் அளவும் இந்த 1.3 லிட்டருக்குள் அடங்கும். இரு முறையும் ஒரே எடை மெஷினில், உடலைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய உடையில் நிற்க வேண்டும். அருவியில் நனைந்த துணியோடு நின்றால் கணக்கு முழுதும் பிசகிவிடும்.

சிறுநீரின் நிறம் அடுத்த அடையாளம். அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 1994இல் எட்டு நிறங்கள் கொண்ட அட்டவணையை வெளியிட்டனர். வெளிர்மஞ்சள் போதிய நீரையும், அடர்மஞ்சளும் பழுப்பும் பற்றாக்குறையையும் குறிக்கும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே சரியான சான்று. குளிர்ந்த நீரில் வெகுநேரம் நனைந்தாலும், ஒரேயடியாக நிறையக் குடித்தாலும், உடலில் குறை இருக்கும்போதே சிறுநீர் வெளிறிப் போகலாம். பி வைட்டமின் மாத்திரையும் பீட்ரூட்டும் நிறத்தை மாற்றும். அதனால் ஆய்வகங்களில் நிறத்தைவிட ஒப்படர்த்தியையே (தண்ணீரோடு ஒப்பிட்ட சிறுநீரின் அடர்த்தி) பார்க்கிறார்கள், அது 1.020ஐத் தாண்டினால் நீர் குறைவு என்பது பொதுவான எல்லை.

எந்த ஓர் அடையாளமும் தனியே போதாது. 2005இல் சாமுவேல் செவ்ரான்ட், மைக்கேல் சாவ்கா இருவரும் மூன்றைச் சேர்த்துப் பார்க்கும் முறையை முன்வைத்தனர். காலை எழுந்ததும் வழக்கத்தைவிட எடை 1 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறதா, சிறுநீர் அடர்ந்திருக்கிறதா, தாகம் இருக்கிறதா? இரண்டுக்கு ஆம் என்றால் நீரிழப்பு இருக்கக்கூடும்; மூன்றுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் உறுதி. வழக்கமான எடை தெரிந்திருக்க, மலையேறுவதற்கு முந்தைய சில நாள்களில் காலை எடையைக் குறித்து வைப்பது நல்லது. முதியோருக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும் என்பதால் அவர்களுக்கு எடையும் சிறுநீருமே துணை.

தோலைக் கிள்ளிப் பார்ப்பது குழந்தைகளுக்கான சோதனை. தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். 2 விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால் கடும் நீரிழப்பின் அறிகுறி. குழிந்த கண்களையும் சோர்வையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும். முதியோரின் தோல் இயல்பாகவே தளர்ந்திருப்பதால் அவர்களிடம் இது ஏமாற்றும். நகத்தை அழுத்தி, வெளுத்த இடம் எத்தனை விநாடியில் மீண்டும் சிவக்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் அருவிக் குளிரில் விறைத்த விரலில் அது தாமதமாகவே காட்டும்.

உடலில் நுண்ணிய மின்சாரம் செலுத்தி மின்தடையைக் கொண்டு நீரைக் கணக்கிடும் எடை மெஷின்களும் இன்று கிடைக்கின்றன. நீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகவும், கொழுப்பில் கடினமாகவும் பாய்வதே இதன் அடிப்படை. நடந்து வந்த சூடு, ஈரப் பாதம், அப்போது உண்ட உணவு ஆகியவை எண்ணை மாற்றிவிடும். அரை லிட்டர் இழப்பை இதில் நம்பிக் கணிக்க இயலாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறக் கூடாது.

அளந்தபின் ஈடுசெய்வதற்கும் அளவு உண்டு. சிறிது சிறிதாகக் குடித்து, உணவோடு உப்பும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நடந்து திரும்பியவரின் எடை புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருந்தால் அவர் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார். இரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்து அதில் உள்ளது. மனக்குழப்பம், மயக்கம், பல மணி நேரம் சிறுநீர் வராமை, குடிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அளவீடுகளில் நேரத்தைச் செலவிடாமல் 108ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையின் 70 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து சமவெளி மருத்துவமனையை அடைய நேரமாகும் என்பதால், அந்த முடிவை முன்கூட்டியே எடுப்பது உயிரைக் காக்கும்.