குடற்புழு: மாத்திரையோடு மண்ணையும் கவனியுங்கள்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் ஆலைகளுக்கும் நெருக்கமான குடியிருப்புகளுக்கும் நடுவே, கொல்லையில் கீரை விதைப்போரும் ஆடு மாடு வளர்ப்போரும் உண்டு. மணற்பாங்கான நிலம், மழையில் தேங்கும் நீர், நிரம்பி வழியும் சாக்கடை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் குடற்புழு எளிதில் பரவும்.

மூன்று புழுக்கள்

உருண்டைப் புழு, சாட்டைப் புழு, கொக்கிப் புழு ஆகியவை மண் வழியே பரவுபவை. உலகில் சுமார் 150 கோடி பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெண் உருண்டைப் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். மலத்துடன் வெளியேறும் முட்டை, ஈர மண்ணில் 2 முதல் 3 வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். அதன்பின் பல மாதங்கள் சாகாது.

கொக்கிப் புழுவின் முட்டை மண்ணிலேயே பொரிக்கும். இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லி லிட்டர் இரத்தம் வீணாகிறது. நூறு புழுக்கள் இருந்தால் 3 முதல் 20 மில்லி லிட்டர். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இரத்தசோகையால் சோர்வது இதனால்தான்.

மாத்திரை மட்டும் போதுமா?

1920-களிலேயே ராக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியுடன் சென்னை மாகாணத்தில் கொக்கிப் புழு ஒழிப்புப் பணி நடந்தது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. இதைத் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆனால் மாத்திரை வயிற்றுப் புழுவைத்தான் கொல்லும். பாத்தியில் கிடக்கும் முட்டையைக் கொல்லாது. மண் மாறாவிட்டால் சில மாதங்களில் புழு திரும்பிவிடும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. கீரைக்குச் சாக்கடை நீரைப் பாய்ச்சக் கூடாது. பாசன நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கழிவுநீரைக் குட்டைகளில் 8 முதல் 10 நாள் தேக்கினால் முட்டைகள் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும்.

2. கழிவுத் தொட்டியில் அள்ளிய கசடைப் பச்சையாக இடக் கூடாது. ஆடு மாட்டுச் சாணத்தில் இம்மூன்று மனிதப் புழுக்கள் வருவதில்லை. எனவே மக்கிய தொழுவுரமே ஏற்றது.

3. பாத்தியில் இறங்குவோர் செருப்போ, ரப்பர் காலணியோ அணிய வேண்டும். வேலை முடிந்ததும் நகம் வரை சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

4. வேகவைத்த கீரையால் அச்சமில்லை. பச்சையாக உண்ணும் கொத்துமல்லி, புதினா, முள்ளங்கியை ஓடும் நீரில் பலமுறை அலச வேண்டும். குளோரின் நீரில் ஊறவைத்தாலும் உருண்டைப் புழுவின் முட்டை சாகாது.

5. மனிதக் கழிவு கலந்த நீரில் வளர்ந்த புல்லை மாட்டுக்குப் போட்டால் நாடாப்புழுவின் முட்டை மாட்டின் உடலுக்குள் சென்று தசையில் கட்டியாகத் தங்கும். சரியாக வேகாத இறைச்சி வழியே அது மீண்டும் மனிதரை அடையும்.

கழிப்பறை, காலணி, சுத்தமான பாசன நீர் ஆகிய மூன்றும் அமைந்தால் மாத்திரையின் பலன் நிலைக்கும்.