கொவிட் நோயில் 'இலேசானது' என்பதன் பொருள்

2020 பெப்ரவரியில் சீன நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட அறிக்கையில், உறுதிசெய்யப்பட்ட 44,000 இற்கும் மேற்பட்ட நோயாளருள் 81 சதவீதமானோர் இலேசான நோயாளர் என வகுக்கப்பட்டிருந்தனர். இதனை வெறுந் தடிமன் என்றே பலரும் விளங்கிக்கொண்டனர். அது தவறாகும். சிறிதளவு நியூமோனியா கண்டோரும் அப்பட்டியலிலேயே அடங்கியிருந்தனர். எழுதுவினைஞனாகக் கோவைகளுக்குத் தலைப்பிட்டே காலங்கழித்த எனக்கு இது புதுமையன்று. தலைப்பு ஒன்று இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும்.

காய்ச்சல், வறட்டு இருமல், உடல் அலுப்பு, தொண்டை நோ, தலையிடி என்பன பொதுவான குணங்குறிகள். சிலருக்கு வயிற்றோட்டமும் உண்டு. காய்ச்சலே காணாதவரும் உளர். ஆரம்பகால வகைகளில் மூக்கடைப்பு இன்றியே மணமும் சுவையும் அற்றுப்போயின. பக்கத்தில் கற்பூரம் ஏற்றினாலும் தெரியாது. 2021 இறுதியில் தோன்றிய ஒமிக்ரோனில் இது குறைந்து, தொண்டை நோவும் மூக்கொழுகலும் மேலோங்கின.

பெரும்பாலானோர் இரு வாரங்களுள் தேறுவர். ஆயினும் முதல் வாரம் முடியும் நாட்களில் மிக அவதானம் வேண்டும். நோய் முற்றியோரிற் பலருக்கு அந்நாட்களிலேயே முற்றியது. சிலருக்கு மூச்சுத்திணறல் தோன்றாமலே இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். நோயாளி சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்; விரலில் மாட்டும் கருவியோ 94 இற்குக் கீழே காட்டும். அவ்வேளை எவரும், சிறப்பாக முதியோரும் நீரிழிவு, இருதய நோய் உடையோரும், வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது.

இன்னொன்று. 2020 இல் பிரித்தானியாவில் நடந்த பரிசோதனையில், டெக்சாமெதசோன் என்னும் மருந்து ஒட்சிசன் தேவைப்பட்டோரின் இறப்பைக் குறைத்தது. தேவைப்படாதோருக்கு அதனால் நன்மை காணப்படவில்லை. ஆகவே அயலவருக்கு எழுதிய துண்டைக் காட்டி அக்குளிசையை வாங்கி விழுங்குதல் கூடாது.